‘பயன்படுத்தாத’ ரேசர்

கொரோனாவில் இறந்த அப்பாவின் உடலை எங்களிடம் காட்டவே இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்களே எரித்துவிட்டார்கள். அஸ்தியும் கைக்கு வரவில்லை.

போன வருடம் பீளமேட்டு வீட்டைக் காலி செய்தபோது அவருடைய பழைய பித்தளை ரேசர் கிடைத்தது. ஆன்லைன் ஏலத்தில் போட்டேன். இறந்தவர் சாமான் என்றால் யார் கேட்பார்கள்? ‘பழங்காலத்து ரேசர், ஒருமுறைகூடப் பயன்படுத்தாதது’ என்று எழுதினேன். மேலே துடைத்ததோடு சரி, கழற்றிப் பார்க்கவில்லை.

கொடுமுடிக்காரர் ஒருவர் ஏலத்தில் எடுத்தார். பார்சல் கிடைத்ததும் போன் செய்தார்.

“ஏனுங்க, பிடியைக் கழட்டுனா உள்ள சோப்போட நரைமுடி ஒட்டியிருக்குதுங்க. யாரோடதுங்க?”

மறுபடி பொய் சொல்ல வாய் வரவில்லை. “எங்கப்பாவோடதுங்க. கொரோனாவுல போயிட்டாருங்க. அஸ்திகூடக் கெடைக்கலீங்க.”

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“முடியக் காயிதத்துல மடிச்சு வெச்சிருக்கறனுங்க. காவேரி பக்கந்தான். நானே கரைச்சுப்போடட்டுங்களா, இல்ல நீங்க வாரீங்களா?”

மறுநாளே போனேன். ஆற்றில் இறங்கி அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். அப்பாவின் உடம்பில் எங்களுக்கென்று மிஞ்சியது அவ்வளவுதான். அதையும் நான் விற்றிருந்தேன்.