மீட்டர் சாரின் விசில்

எங்கள் தெருவில் உட்காரத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டு. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறிக்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது, ஆனால் அந்தச் சேதி அவர் கால்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். டீ கொடுத்தால்கூட நின்றபடியேதான் குடிப்பார். எல்லோருக்கும் அவர் மீட்டர் சார்.

நான் எதிர்வீட்டுக்காரி. முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கூட்டக் குறிப்பு எழுதுவதும் நான்தான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லியே அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆகவே நடந்ததில் என் பங்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புறவழிச் சாலையில் வண்டி பேட்டரி செய்யும் தொழிற்சாலை வந்த பிறகுதான் எங்கள் நிம்மதி போனது. ஷிப்டு விடும் நேரத்தில் நூறு பேர் எங்கள் தெரு வழியாகக் குறுக்கே போனார்கள். ஒரு சைக்கிள் காணாமல் போனது. ஒரு வீட்டின் வெளிக்குழாயை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டும் யார் வேலை என்று இன்றுவரை தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரிதான் எல்லோரும் பேசினோம்.

ஞாயிறு காலை சங்கத் தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம். தலைவர் கட்டடக் கான்ட்ராக்டர். தன் மாடியில் நாலு அறை கட்டி, அதே தொழிற்சாலை ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அன்று அவர் தொண்டைதான் எல்லோரையும்விடப் பெரிதாக இருந்தது.

"கண்டவனெல்லாம் தெருவுல திரியிறான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"உங்க மாடியில இருக்கறவங்களும் அந்தக் கண்டவங்கதானா?" என்று கேட்டேன்.

"அவங்க நல்ல பசங்கம்மா. நான் மத்தவங்களச் சொல்றேன்."

சுவரோரமாக நின்றிருந்த மீட்டர் சார் இடையில் புகுந்தார். "அது கிடக்கட்டும். இவ்வளவு பெரிய கம்பெனி வந்திருக்கு. நம்ம தெருப் பிள்ளைங்கள்ல ஒருத்தருக்காவது வேலை கெடச்சுதா? லாரித் தூசி நமக்கு, வேலை மட்டும் எவனுக்கோவா?"

அந்தச் சூட்டுக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரே மகள். மின்னணுவியல் டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். அந்தத் தொழிற்சாலையில் தேர்வு எழுதி, நேர்காணலிலும் தேறிவிட்டாள். "விவரங்களைச் சரிபார்த்தபின் உத்தரவு அனுப்பப்படும்" என்று தகவல் வந்திருந்தது. அவளுடைய சான்றிதழ்களுக்கு நகல் போட்டது என் கடையில்தான். அன்றிலிருந்து மீட்டர் சார் ஒரு நாளைக்குப் பத்து முறை "வந்துச்சா கண்ணு?" என்பார். "வந்தா சொல்லாம ஒளிச்சா வைக்கப் போறேன்?" என்று அவள் எரிந்து விழுவது எதிர்வீடு வரை கேட்கும்.

கூட்டத்தில் இரண்டு முடிவு எடுத்தோம். ஒன்று, வீட்டுக்கு ஒரு விசில். தெரியாத ஆள் வீட்டைப் போட்டோ எடுத்தாலோ, பெண்களைப் பற்றி விசாரித்தாலோ மூன்று முறை ஊத வேண்டும். கேட்டவர்களும் வெளியே வந்து ஊத வேண்டும். ஆளை நிறுத்தி, அவன் எடுத்த போட்டோவை அழிக்கச் சொல்லி, அவனைப் போட்டோ எடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இரண்டு, எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கேட்டுத் தொழிற்சாலைக்கு மனு. இரண்டையும் ஒரே பக்கத்தில், அழகான கையெழுத்தில் எழுதினேன். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

மீட்டர் சார் விசிலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நடப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பத்து சுற்று பதினாறாயிற்று.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். ஹெல்மெட் போட்ட ஒருவர் மீட்டர் சார் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினார். வீடு பூட்டியிருந்தது. சாரின் மனைவி மருத்துவமனையில் நர்ஸ், பகல் டியூட்டிக்குப் போயிருந்தார். மகள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தாள். சார் தெருக்கோடியில் சுற்றிக்கொண்டிருந்தார். வந்தவர் வீட்டை ஒரு போட்டோ எடுத்தார், கதவு எண்ணை ஒரு போட்டோ எடுத்தார். பிறகு நேராக என் கடைக்கு வந்தார்.

"மேடம், எதிர்வீட்டுல ஒரு பொண்ணு இருக்காங்களா? எத்தன வருஷமா இருக்காங்க? ஆளு எப்படி?"

பெண்ணைப் பற்றி, அதுவும் "ஆளு எப்படி" என்று கேட்கிறான்! எழுதிய விதி கண் முன்னால் வந்து நின்றது. மேசை டிராயரைத் திறந்து விசிலை எடுத்தேன். முதலில் ஊதியது நான்தான்.

மீட்டர் சார் ஓடி வந்தார். "உங்க பொண்ணப் பத்தி விசாரிக்கிறான் சார்" என்றேன். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

"யாருய்யா நீ?"

"சார், வெரிஃபிகேஷனுக்கு வந்திருக்கேன். கார்டு பாருங்க..." அட்டையில் ஏதோ ஒரு ஏஜென்சியின் பெயர் இருந்தது. நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

"என் வீட்டுப் பொண்ண வெரிஃபை பண்ண நீ யாருய்யா?"

"சார், அவங்க வேலைக்கு..."

அந்த மனிதர் அதைச் சொல்லத்தான் செய்தார். அதற்குள் ஏழு வீட்டிலிருந்து ஏழு விசில் கிளம்பிவிட்டது. மீட்டர் சார் தன் விசிலை அவர் முகத்துக்கு நேராகவே ஊதினார். தலைவர் வந்து ஹெல்மெட்டைக் கழற்ற வைத்துப் போட்டோ எடுத்தார். ஒல்லியான முகம், நாற்பது வயது, நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு. எடுத்த போட்டோக்களை அழித்துவிட்டு அவர் போய்விட்டார். குழுவில் "எச்சரிக்கை" என்ற தலைப்போடு அவர் முகம் வந்தது. கீழே கைதட்டல் படங்கள் வரிசை கட்டின. நானும் ஒன்று போட்டேன்.

ஐந்தாம் நாள் தொழிற்சாலையிலிருந்து தகவல் வந்தது. மகள் அதை நகல் எடுக்க என்னிடம் கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வாசிங்க அத்தை. சத்தமா வாசிங்க."

வாசித்தேன். "வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தார் ஒத்துழைக்கவில்லை. முகவரி உறுதி செய்யப்படாததால் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது."

அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார் மீட்டர் சார். "வீடு பூட்டியிருந்தது" என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். வேலையில் இருந்த காலத்தில் அந்த வரியை அவர் ஆயிரக்கணக்கான முறை எழுதியிருப்பார். நாய் துரத்தியபோது எழுதினார், உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்காதபோது எழுதினார். திருடன் என்று ஒருமுறை தண்ணீரை மேலே ஊற்றினார்களாம், அன்றைக்கும் அதையேதான் எழுதினாராம். அவரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது சிரிக்கவில்லை.

"எனக்கே தெரியலையேம்மா" என்றார். "வாசல்ல நிக்கறவன் மூஞ்சிய எனக்கே அடையாளம் தெரியலையே."

மகள் காகிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் திட்டியிருந்தால் எங்கள் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மனிதரைக் கண்டுபிடித்துக் கையைக் காலைப் பிடித்தாவது திரும்ப வரவழைக்க வேண்டும் என்று கிளம்பினார் மீட்டர் சார். ஏஜென்சியின் பெயரை எங்களில் ஒருவரும் மனதில் வைத்திருக்கவில்லை. கையில் இருந்தது அந்த எச்சரிக்கைப் படம் ஒன்றுதான். அதை போனில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், "இவரப் பாத்தீங்களா, இந்தப் பக்கம் வந்தாரா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள், சுற்றுவட்டாரத் தெருச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் பொதுக் குழுவில் ஒரு படம் வந்தது. "எச்சரிக்கை! வயதான நபர். கழுத்தில் விசில். வீடு வீடாகப் போய் ஆட்களைப் பற்றி விசாரிக்கிறார்." எங்கள் மீட்டர் சார், யாரோ வீட்டு இரும்புக் கேட்டைப் பிடித்தபடி, கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இவர் எங்கள் தெருக்காரர், நல்லவர்" என்று அடித்து அனுப்பினேன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் அந்தப் படம் சுற்றிச் சுற்றி, சார் தேடிய ஆளிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுநாள் ஹெல்மெட்காரர் எங்கள் தெருமுனையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் கடைப் பலகையில் இருந்த எண்ணுக்கு போன் செய்தார்.

"மேடம், உள்ள வரலாமா?"

வந்தார். மீட்டர் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "தப்பு எங்க மேலதான். நானும் வாசல் வாசலா நின்னவன்தான்" என்றார். வந்தவர் படிவத்தை எடுத்து, முறைப்படி என்னிடம் கேட்டார். "இந்த வீட்டாரால அக்கம்பக்கத்துல யாருக்காவது தொந்தரவு உண்டா?"

"இல்ல" என்றேன். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எழுதி முடித்துவிட்டு அவர் சொன்னார்: "நான் இன்னிக்கே அனுப்பிடுறேன் சார். ஆனா பொய் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை வேலைக்கு எடுக்கற லிஸ்ட்ட வெள்ளிக்கிழமையே மூடிட்டாங்க. அடுத்தது எப்ப எடுப்பாங்கன்னு தெரியாது."

மீட்டர் சார் என் கடை முக்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

மகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்க ஏஜென்சியில ஆள் எடுக்கறாங்களா?" என்றாள்.

அவர் திகைத்துவிட்டார். "எடுக்கறாங்கம்மா. தொழிற்சாலையில சேர்றவங்க எல்லாரோட வீட்டையும் போய்ச் சரிபாக்கணும், ஆளே பத்தல. ஆனா யாரும் ஒரு மாசத்துக்கு மேல நிக்க மாட்டாங்க. தெருவுக்குத் தெரு துரத்துறாங்க."

"பரவால்ல. எனக்கு அப்பா சொல்லிக் கொடுப்பாரு."

அவள் அதைக் குத்தலாகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மீட்டர் சாருக்கும் தெரியாது. கேட்கவும் பயம்.

இப்போது தினமும் காலை எட்டரைக்கு அவள் நீல வண்டியில் கிளம்புகிறாள். வாசலுக்குப் போனதும் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும், கேட்டைத் தொடக் கூடாது, இரண்டு அடி தள்ளி நின்று கூப்பிட வேண்டும் என்று சார் ஒவ்வொரு நாளும் சொல்கிறார். "தெரியும்ப்பா" என்று அவளும் ஒவ்வொரு நாளும் சொல்கிறாள். அவள் திருப்பம் தாண்டியதும் அவர் என் கடைக்கு வந்துவிடுவார். அன்றைக்கு அவள் போகும் தெருக்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் வைத்திருப்பார். அவருக்கு போனில் எழுத்து அடிக்க வராது. நான்தான் அடிப்பேன். மேலே அவளுடைய படம். முன்பு "எச்சரிக்கை" என்று சார் படத்தைப் போட்டார்களே, அதே பொதுக் குழு.

"இது எங்கள் பெண். இன்று உங்கள் தெருவுக்கு வேலையாக வருகிறாள். நீல வண்டி. வீட்டைப் போட்டோ எடுப்பாள், அதுதான் அவள் வேலை. தயவுசெய்து விசில் ஊதாதீர்கள்."

அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் அவர் கேட்பார்.

"பாத்துட்டாங்களாம்மா?"

"பதினோரு பேர் பாத்துட்டாங்க சார்."

"மீதிப் பேரு?"