மிஞ்சியிருந்த ஒரே சொல்

லூர்து அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, மன்னார்புரம் வீட்டில். அவர் மகள் இன்பாக்ஸில் எழுதியிருந்தாள்... 'அம்மா உங்களப் பத்தி நிறைய சொல்லுவாங்க சார்.'

என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இங்கே இதைப் படிக்கும் பலருக்குத் தெரியாது. அறுபதுகளின் நடுவில், எம்.ஏ. படிக்கும்போது எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. இருபத்தொரு வயது. வலது கை, வலது கால் போயின. பேச்சும்.

முழுதாகப் போகவில்லை. ஒரு சொல் மிஞ்சியது.

'போடி.'

தண்ணீர் வேண்டுமென்றாலும் போடி. வலித்தாலும் போடி. மற்ற சொற்களெல்லாம் உள்ளேதான் இருந்தன... வெளியே வரும்போது அதுவாகிவிடும். சிலருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். கேட்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

லூர்து அக்கா பிசியோதெரபிஸ்ட். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து, பஸ் பிடித்து எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வருவார். அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்துவார்.

நான் 'போடி' என்பேன்.

அம்மா கூசிப்போவாள். "தப்பா எடுத்துக்காதேம்மா... இவன் இப்படிப் பேசறவனே இல்லே."

"இருக்கட்டும் மாமி. சத்தம் வருதே, அதுவே நல்லதுதான். தம்பி, எங்க, இன்னொரு தடவ எந்திரிங்க."

எழுந்திருப்பேன். போடி.

நாளாக ஆக முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தோள் இறுகிவிட்டது. அப்பா மண்ணச்சநல்லூரிலிருந்து மாணிக்கம் அண்ணனைக் கூட்டிவந்தார். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சுளுக்கு எடுப்பவர். அவர் முதுகெலும்பில் எடுக்கும் சொடக்கு அடுத்த அறை வரை கேட்கும். இப்போது கைரோபிராக்டிக் என்று போர்டு வைத்து ஏசி ரூமில் செய்கிறார்கள்.

அக்காவுக்குப் பயம். "கழுத்துல மட்டும் கை வைக்காதீங்கண்ணே, ஆபத்து. முதுகையும் தோளையும் மெதுவா இளக்கி விடுங்க. எக்ஸர்சைஸ் நான் பாத்துக்கறேன்."

"சரிம்மா. கழுத்து உன்னுது, முதுகு என்னுது." குப்புறப் படுக்க வைத்து ஒரே அழுத்து.

"போடி!"

"என்னையுமா? இந்த மீசையப் பாத்துமா தம்பி?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், பாதி முகத்தால்.

இரண்டு பேரும் மாற்றி மாற்றி என்னை நிமிர்த்தினார்கள். எது எவ்வளவு உதவியது என்று சொல்லத் தெரியவில்லை. கால் வந்தது. கை வரவில்லை.

ஒருநாள் உத்தர வீதியில் அக்கா என்னை நடத்திக் கூட்டிப்போகும்போது, எதிரே காலேஜ் நண்பர்கள், சைக்கிளில். அக்காவை அவர்களுக்கு அறிமுகப்படுத்த வாய் திறந்தேன்.

அதே சொல். அவர் முகத்துக்கு நேரே. நடுத்தெருவில்.

ஒருவன் சிரித்துவிட்டான். அக்கா என்னைப் பிடித்திருந்த கையை விடவில்லை. "உங்களையெல்லாம் பாத்ததுல சந்தோஷம்னு சொல்றாரு" என்றார் அவர்களிடம்.

வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்...

மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. அதற்குள் அக்கா கல்யாணமாகி வெளியூர் போயிருந்தார்.

சில வருடம் கழித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை.

"தம்பி! நடையப் பாத்தே கண்டுபிடிச்சுட்டேன். பேச்சு வந்துடுச்சாமே?"

வந்திருந்தது. வகுப்பில் பாடம் நடத்தும் அளவுக்கு. ஆனால் அவரைப் பார்த்ததும் வாய் திறந்தால் அதுதான் வரும் என்று தோன்றிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் ஏறிய பஸ் கிளம்பியது. ஜன்னலிலிருந்து கேட்டார். "ஒரு வார்த்த பேச மாட்டீங்களா? அந்தப் பழைய வார்த்தையாவது சொல்லுங்களேன்..."

அதையும் சொல்லவில்லை.

பிறகு அவர் திருச்சிக்கே திரும்பிவிட்டார் என்று தெரியும். மன்னார்புரம் என்றும் தெரியும். ஒரு பஸ் தூரம். இத்தனை வருடம்...

மாலையில் அடக்கம். போகிறேன்.

போயிட்டு வாங்க, லூர்து அக்கா.

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.