பன்னிரண்டாவது பெயர்

சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு ஒன்று இருக்கும். உங்களுக்கும் இருந்தால் நீங்கள் நம்ம கட்சி. நான் இந்தத் திருவனந்தபுரத்தில் ஆறு வருஷம் பேனா பிடித்துவிட்டு மதராசுக்குப் போனவன். நாற்பத்தெட்டு வயதில் திரும்பி வந்தால், ஜனங்கள் தேர்ந்தெடுத்த மந்திரிகள் வந்தாயிற்று என்று ஊரெல்லாம் ஒரே குஷி. எனக்கும் குஷிதான். கூடவே எங்கள் பழைய சூப்பரின்டென்டென்ட் அனந்தநாராயணய்யர் ஞாபகமும் வந்தது. கரமனைக்காரர். கச்சேரி முழுவதும் அவரைச் "சாமி" என்றுதான் கூப்பிடும்.

ரத்தம் பார்த்த பரீட்சை

அந்த நாளில் ஒருமுறை, ஊர் ஊராகப் போய் அம்மை குத்துவதற்கு ஆள் எடுத்தோம். எழுத்துப் பரீட்சை, பிறகு ஆஸ்பத்திரியில் கைவேலைப் பரீட்சை. தேறியவர் பதினொரு பேர். சட்டசபை மெம்பர் ஒருவர் நேரே சாமியின் மேஜைக்கு வந்து, தம் தங்கை மகன் பெயரைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்கச் சொன்னார். அந்தத் தங்கை மகனோ ஆஸ்பத்திரிப் பரீட்சையில் முதல் துளி ரத்தத்தைக் கண்டதும் டாக்டர் மேலேயே மயங்கிச் சாய்ந்தவர்.

"அது சாரமில்லே சாமீ, பரவாயில்லை, வேலையிலே சேர்ந்தால் ரத்தமெல்லாம் பழகிக்கொள்ளும்" என்றார் மெம்பர். சாமி லிஸ்டை மடித்துக்கொண்டே கேட்டார்: "பழகற வரைக்கும் குழந்தையை யார் பிடிச்சுக்கறது, இவரை யார் பிடிச்சுக்கறது?"

தங்கை மகன் வருகை

மறுநாள் அந்தத் தங்கை மகனே வந்தார். இருபத்தைந்து வயது, ஆறடி உயரம். இன்னொரு சிபாரிசு என்று நினைத்து நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை. சாமியைப் பார்த்ததும் கை கூப்பிவிட்டார்: "சாமீ, மாமன் எத்தனை சொன்னாலும் என் பேரைச் சேர்க்கவே கூடாது. எனக்குத் தபாலாபீஸ் வேலை மதி, அதுவே போதும். அங்கே ரத்தம் இல்லையல்லோ!"

மலைக்கு மாற்றல்

மெம்பருக்குக் கோபம் தணியவில்லை. சாமியைப் பொன்முடி மலைப்பக்கத்துச் சின்ன கச்சேரிக்குத் தூக்கியடிக்கச் சொன்னார். எங்கள் செக்ரட்டரியும் முகதாட்சண்யத்துக்குச் சரி என்றுவிட்டார். சாமிக்கோ இழுப்பு, இந்த ஊர் மழைக்கே மார்பில் விசில் அடிக்கும். மலைப் பனியில் என்ன ஆவாரென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாற்றல் குறிப்பை எங்கள் செக்ஷன்தான் எழுத வேண்டும். தம் விஷயத்தைத் தாமே எழுதக்கூடாதென்று சாமி ஃபைலை என்னிடம் தள்ளினார். ஒரே ஒரு பெயர்தானே, சேர்த்துத் தொலையுங்களேன் என்று கெஞ்சினேன். சாமி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்: "குழந்தையை ஏந்திண்டு நிக்கறவளுக்கு மெம்பர் யாருன்னு தெரியாது, ஓய். வந்தவனுக்குக் குத்தத் தெரியும்னு நம்பித்தான் அது கையை நீட்டிக் காட்டறா. நீர் உம்ம குறிப்பை ஒழுங்கா எழுதும்."

காலியாக ஓரிடம்

எழுதினேன். பெயர், உத்தியோகம், சர்வீஸ் இருபத்திரண்டு வருஷம், தேக நிலை. அடுத்தது, 'மாற்றலுக்குக் காரணம்'. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அதை எழுதினால் மெம்பரின் மானம் போகும், வேறு எழுதினால் பொய். இடத்தைக் காலியாக விட்டு, 'காரணம் தெரிவித்தருள வேண்டும்' என்று செக்ரட்டரிக்கு அனுப்பினேன். என்னையும் சேர்த்து அனுப்புவார்கள் என்று பெட்டிகூடக் கட்டி வைத்துவிட்டேன்.

செக்ரட்டரி மெம்பரை வரவழைத்து, ஃபைலையும் பேனாவையும் அவர் முன்னால் நகர்த்தி, "நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுங்கள்" என்றாராம். கொஞ்ச நேரத்தில் மெம்பர் விடுவிடென்று படியிறங்கிப் போனார். அவர் பின்னாலேயே பியூன் கோவிந்தன் நாயர் எங்கள் செக்ஷனுக்குள் ஓடிவந்தார்: "பெட்டியை அவிழ்க்கலாம், சாமி எங்கும் போகண்டா! மெம்பர் மூணு தடவை மை தொட்டார், ஒரு அட்சரம் வரல்லே!"

புது மந்திரிகள் என் யோசனையைக் கேட்கப்போவதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: உத்தியோகஸ்தனைத் தூக்கியடிக்கச் சொல்லி வருகிறவர்களுக்கெல்லாம் சர்க்கார் செலவில் தாராளமாக மை கொடுக்கட்டும்.