நீர்த்தெள்ளுக்குத் தண்ணீர் தேடி தெல்தோட்டைக்கு

கண்டிக்கு வந்து தலதா மாளிகையையும் ஏரியையும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. வெறுங்கேன்களோடு தெல்தோட்டைக்குப் போய் நிறைகேன்களோடு திரும்ப வேண்டிய துரதிர்ஷ்டசாலிகள் யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் இந்த வருடம் அந்தப் பயணத்தை ஐந்து முறை செய்துவிட்டேன். இதில் விரிவாகச் சொல்லப்போவது மூன்றாவது பயணத்தை.

நான் பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வேலை நீர்த்தெள்ளு வளர்ப்பது. தெள்ளு என்றதும் நாய்மேல் இருப்பது என்று நினைத்து என் வீட்டுக்காரர் முதல் மாதம் என்னைக் குளிக்காமல் உள்ளே விடவில்லை. இது குளத்திலும் ஓடையிலும் துள்ளித் துள்ளி நீந்தும், எள்ளளவுகூட இல்லாத ஒரு பிராணி. மீன்குஞ்சுக்கு இதுதான் சோறு. ஒரு இரசாயனம் ஓடையில் கலந்தால் என்ன ஆகும் என்று அறிய முதலில் இதனிடம்தான் கேட்பார்கள்.

கேட்பதில் இரண்டு வகை. ஒன்று குறுகிய சோதனை: இரண்டு நாள் வைத்துப் பார்த்து, சாகவில்லை என்றால் நல்லது என்று எழுதிவிடலாம். மற்றது நீண்ட சோதனை: இருபத்தொரு நாள், ஒரு கிளாசுக்கு ஒன்றாக வைத்து, தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, தாய் போடும் குட்டிகளைத் தினமும் எண்ணி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா லீவு, தீபாவளி எதுவும் அதற்குத் தெரியாது. தேயிலைத் தோட்டங்களுக்கு வரவிருக்கும் ஒரு புதுக் களைகொல்லி முதல் சோதனையில் தேறிவிட்டது. இரண்டாவதை எங்களிடம் கொடுத்திருந்தார்கள்.

எதுவும் கலக்காத சுத்தத் தண்ணீரில் சில தெள்ளுகளைத் தனியாக வைப்போம். அவை பிழைத்தால்தான் மற்றக் கிளாசுகளில் நடப்பதற்கு அர்த்தம் உண்டு. அவையே செத்தால் சோதனை செல்லாது. எங்களுடையது ஒன்பதாம் நாள் செல்லாமல் போனது. காலையில் போய்ப் பார்த்தால் சுத்தத் தண்ணீர் கிளாசுகளில் அத்தனையும் அடியில் கிடக்கின்றன. எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் நிதி இருந்தது. அதுவும் செல்லாமல் போனால், அந்த இரண்டு நாள் சோதனைதான் கடைசிப் பேச்சாக நிற்கும், களைகொல்லி மலைக்கு ஏறிவிடும்.

சுத்தத் தண்ணீரை நான்தான் தெல்தோட்டைக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பீலியிலிருந்து வாரம் ஒரு முறை கொண்டுவந்தேன். மலையூற்றை மேலே ஒரு டேங்கியில் சேர்த்து, குழாயில் இறக்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் விழ விடுவதைத்தான் எங்களில் பீலி என்போம். முதல் வாரத்துத் தண்ணீரில் தெள்ளுகள் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் போலத் துள்ளின. இரண்டாம் வாரத்துக் கேனைத் திறந்த பிறகுதான் சாவு. ஆகவே என்ன நடந்தது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை மறுபடி கிளம்பினேன்.

கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டிலிருந்து காலை 5.45க்கு இறங்கினேன். பாலத்தடியில் பஸ் பிடித்து, கண்டியில் மாறி, தெல்தோட்டை பஸ்ஸில் ஏறும்போது ஏழு மணி. கண்டியிலிருந்து முப்பது கிலோமீற்றருக்குள்தான், ஆனால் ஒன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். எனக்கு 190 ரூபாய் டிக்கெட், இரண்டு வெறுங்கேனுக்கும் சேர்த்து இன்னொரு 100. கேனுக்கு ஏன் என்று கேட்டேன், அதுவும் இடம் பிடிக்கிறதே என்றார் கொண்டக்டர் சிங்களத்தில். திரும்பும்போது நிறைகேனைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

ஹிந்தகல தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். வலப்பக்கமா இடப்பக்கமா அழகு என்று கேட்காதீர்கள், நான் இரண்டு பக்கமும் தூங்கியிருக்கிறேன். கலஹாவில் பஸ் கொஞ்சம் நிற்கும், சுடச்சுட ரொட்டி கிடைக்கும். இலங்கையில் முதன்முதலாகத் தேயிலை நட்ட தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களும் இந்தப் பஸ்ஸில்தான் வருவார்கள். கழுத்தில் கமெரா இருந்தால் அவர்கள், மடியில் கேன் இருந்தால் நான்.

தெல்தோட்டை டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீற்றர், த்ரீவீல் 700 ரூபாய். போன இரு முறையும் ஓட்டிவந்த முஸ்லிம் அண்ணன்தான் அன்றும் நின்றார்; நானா என்றுதான் கூப்பிடுவேன்.

“என்ன தங்கச்சி, மறுகாவும் தண்ணிக்கா? கண்டியில மகாவலி வத்திப்போச்சா?”

“அந்தத் தண்ணி ஆகாது நானா.”

“எங்களுக்கு ஆகுது, ஒங்கட பூச்சிக்கு ஆகாதா? நல்லா வளத்திருக்கிறீங்க.”

சிரிக்கத்தான் வேண்டும், சிரித்தேன். பாதை கிடந்த கிடைக்கு அதற்குமேல் பேச முடியவில்லை.

பீலியில் யோகேஸ்வரி அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார். கொழுந்து எடுக்கிறவர், அன்று வேலைக்குப் போகவில்லை. முதல் முறை வந்தபோது நான் யார், எதற்கு என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கேனை வைக்க விட்டவர். பூச்சி செத்த கதையைச் சொன்னேன்.

“ஐயோ, அத்தனையுமா? பாவம் புள்ள நீ. அலைஞ்ச அலைச்சலெல்லாம் வீணாப்போச்சே.”

“அக்கா, நெசமாச் சொல்லுங்க. தண்ணில மருந்து ஏதும் கலந்துச்சா?”

“போன தடவையும் இதத்தான கேட்ட? மருந்தடிச்சு ஒரு வருசமாச்சு. புதுசு வந்தாத்தான் இனி அடிப்பாங்களாம். நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?”

அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பேச்சை மாற்ற, போன முறை சுகமில்லாமல் படுத்திருந்த அவருடைய மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“இப்பப் பரவால்ல. மஞ்சக்காமாலைன்னு லயத்துல நாலஞ்சு புள்ளைங்க படுத்துருச்சுங்க. அப்பறந்தான் சுகாதாரம் பாக்குற பீ.எச்.ஐ. ஐயா வந்து டேங்கியில பவுடர் போட்டுட்டுப் போனாரு. வாரா வாரம் போடச் சொல்லி வாளியோட குடுத்திருக்காரு.”

“என்ன பவுடர்?”

“வெள்ளப் பவுடர். குளோரின்.”

எப்போது போட்டார்கள் என்று இருவரும் நாளை எண்ணிப் பார்த்தோம். நான் இரண்டாம் முறை வருவதற்கு முதல் நாள் போட்டிருக்கிறார்கள். சளி பிடித்திருந்த என் மூக்குக்கு வாசனை தெரியவில்லை. மலையூற்றில் யார் குளோரின் தேடுவார்கள் என்று நானும் சோதித்துப் பார்க்கவில்லை. மூடிய கேனில் அது அப்படியே இருந்திருக்கிறது. மனிதப் பிள்ளைகளைக் காப்பாற்றும் அளவே தெள்ளுக்குச் சாவு.

“நான் கேட்டப்ப ஏன் அக்கா சொல்லல?”

“நீ மருந்தத்தான கேட்ட?”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. நானும் லயத்தில் பிறந்தவள்தான். எங்களுக்குக் காய்ச்சலுக்குக் குளிசை, களைக்கும் பூச்சிக்கும் மருந்து. டேங்கியில் போடுவது பவுடர். வெளியூர்க்காரி யாராவது கேட்டிருந்தால் தண்ணீரில் என்னென்ன போடுவீர்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டிருப்பாள், பதிலும் வந்திருக்கும். ஒரே ஊர்ப் பேச்சுப் பேசியதால் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்து மேடம். சிக்னல் கிடைத்த பாறையில் ஏறி அவருக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டார்.

“ஓம், விளங்குது. இனிமேல் மருந்து எண்டு பேரைச் சொல்லிக் கேளாதையும். என்ன போட்டவை, என்ன ஊத்தினவை எண்டு கேளும். டேங்குக்கு மேல ஊத்து இருக்கோ?”

இருந்தது. டேங்கிக்கு மேலே அரைமணி நேர ஏற்றம். யோகேஸ்வரி அக்கா ஒரு கேனைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டே பின்னால் போனேன். பாறையிடுக்கில் ஊற்று கண்ணாடியாக ஓடியது. என்ன நடந்தது என்று பார்க்க எடுத்துவந்த சோதனைப் பெட்டியில் குளோரின் பார்ப்பதும் இருந்தது. நிறம் மாறவில்லை, குளோரின் இல்லை. இறங்கும்போது என் முழங்கால்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டன.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அட்டைக்கு உப்பைவிடச் சவர்க்காரம் நல்லது, காலில் காயப் பூசிவிடுங்கள். இருபது லீற்றர் கேன் வேண்டாம், பத்து லீற்றராக இரண்டு கொண்டுபோனால்தான் கொண்டக்டரும் முதுகும் மன்னிக்கும். பிற்பகல் இரண்டுக்கு முன் டவுனுக்கு இறங்கிவிடுங்கள், மழை பிடித்தால் த்ரீவீல் மேலே வராது. ஊரார் போடும் பவுடரைக் குறை சொல்லாதீர்கள், அது அவர்கள் பிள்ளைகளுக்கு. கடைசியாக, உங்கள் சொந்தப் பாஷையிலேயே கேட்டாலும் இரண்டு விதமாகக் கேளுங்கள்.

அந்தத் தண்ணீரோடு கடைசிச் சோதனையைத் தொடங்கினோம். அடுத்த இரு வாரமும் கேனோடு அதே ஊற்றுக்கே ஏறினேன். சுத்தத் தண்ணீர் கிளாசுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. நான் எண்ணிக் களைக்கும் அளவுக்குக் குட்டி போட்டன. இருபத்தோராம் நாள் கணக்கை முடித்துவிட்டு மேடமும் நானும் பிளேன்டீ குடித்தோம். அறிக்கை போய்விட்டது. அதை யார் எப்போது வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

போன ஞாயிறு கேன் இல்லாமல் தெல்தோட்டைக்குப் போனேன். முடிவைச் சொல்கிறேன் என்று யோகேஸ்வரி அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், போனில் சொல்ல மனம் வரவில்லை. அக்கா குடத்தோடு பீலிக்கு வந்தார்.

“புது மருந்துல பூச்சி செத்துச்சா?”

“சாகல அக்கா. இருவத்தொரு நாளும் உசிரோடதான் நீந்துச்சு.”

“அப்ப நல்ல மருந்துதான். தோட்டத்துத் தொரையும் அப்படித்தான் சொன்னாரு.”

“குட்டி போடல அக்கா. சுத்தத் தண்ணில கெடந்ததெல்லாம் போட்டுச்சு. மருந்து கலந்த கிளாசுல இருந்தது தின்னுச்சு, வளந்துச்சு, அவ்வளவுதான்.”

“அந்த மருந்து இந்த மலைக்கு வந்தா நாங்க இந்தத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?”

“அது எனக்குத் தெரியாது அக்கா. பூச்சிக்குப் பாத்தத வச்சு மனுசனுக்குச் சொல்ல முடியாது. நான் பாத்தது பூச்சிக்கு மட்டுந்தான்.”

“அப்ப எங்களுக்கு யாரு பாக்குறா?”

அவர் குடத்தைப் பீலியின் கீழ் வைத்தார். அந்த லயத்துக்கு வேறு தண்ணீர் இல்லை.