குடையால் தூண் அளந்த நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து கல்முனைக்கு மாற்றலாகி வந்த புதிது. கட்டடங்களுக்குப் பிளான் கீறுவது என் உத்தியோகம். லீவு நாளிலும் சும்மா இருக்க முடியாது. கடைத்தெருவில் மாடிகளைப் பார்த்து வாயைப் பிளந்தபடி நடப்பேன். எதிரே வரும் வண்டிக்காரர்கள்தான் ஒதுங்கிப் போவார்கள்.

அங்கே ஒரு மாடிக்கடை. கீழே பலகைக் கதவு, மேலே மரக் கிராதி போட்ட பல்கனி, முன்னால் சுண்ணாம்பு பூசிய பருத்த தூண்கள். தூண்களுக்கு இடையிலான தூரம் ஒன்றுபோல் இல்லை என்று எனக்குச் சந்தேகம். அளவுநாடா இல்லை, குடை இருந்தது. குனிந்து குடை நுனியைத் தூணடியில் வைத்தேன், நிமிர்ந்தேன், மார்புக்கு நேரே குறுக்காகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மறுபடி குனிந்தேன்.

திரும்பினால் தெரு நிறையச் சனம். மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்று என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. அதன் முன்னால் சிலம்பம் ஆடிவந்த தாடிக்காரர் என்னைப் பார்த்துக் கம்பால் நிலத்தைத் தொட்டு, மார்புக்கு நேரே பிடித்து வணங்கினார். புது ஆளுக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போய் நானும் குடையோடு குனிந்து வணங்கினேன்.

"எங்க பழகினீங்க தம்பி?" என்று கேட்டார்.

தூண் அளப்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "கொழும்பில" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

சனம் விலகி வட்டம் போட்டது. பக்கத்தில் நின்ற கடைக்காரர் காதில் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கிற்று. "சலாவரிசை வச்சிட்டீங்க. இனி ஆடத்தான் வேணும்." ஆட்டத்துக்கு அழைக்கும் வணக்கம் அது. தூண் அளக்கிறேன் என்று ஊரின் பேர்போன சிலம்பக்காரரை வலியப்போய் அழைத்திருக்கிறேன். உண்மையிலேயே பயந்துபோனேன். அடியைவிடச் சிரிப்புக்குத்தான் பயம். இந்தத் தெருவால்தானே நான் நாளைக்கும் வேலைக்குப் போகவேண்டும்?

கம்பு சுழன்றது. காதோரம் காற்று அடித்தது. விளக்குமாறு பிடிப்பதுபோல் நான் குடையைப் பிடித்திருந்ததைக் கண்டதும் அவர் முகம் மாறியது. சுழற்றியபடியே நெருங்கிவந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அசையாம நில்லு மனே" என்றார். மகனே என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

நின்றேன். தலைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே என்று கம்பு என்னைச் சுற்றியது. சட்டையில்கூடப் படவில்லை. கடைசியில் குடையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கம்பை நிலத்தில் வைத்து என்னைக் கட்டிக்கொண்டார்.

பிறகு சனத்தைப் பார்த்துச் சொன்னார்: "கொழும்பு ஆட்டம் நிண்ட நிலையில ஆடுறது. கால எடுத்தாத் தோல்வி. தம்பி எடுக்கல்ல, பாத்தீங்கதானே?"

"ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள். யாரோ எனக்கும் சர்பத் நீட்டினார்கள்.

ஒரே தட்டில் அவர் என்னை ஊர்ச் சிரிப்பாக்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, இல்லாத ஓர் ஆட்டத்தை அந்த இடத்திலேயே உண்டாக்கி என் மானத்தைக் காப்பாற்றினார். அந்தத் தெருவில் பல வருஷம் "கொழும்புக் கம்புக்காரர்" என்ற பெயரோடு நடந்தேன். தூண்களைப் பிறகு அளக்கவேயில்லை. இப்போதும், தெரியாத்தனமாக எதிலோ மாட்டிக்கொண்டு விழிக்கிற ஒருவரைக் கண்டால், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் பேசப் பார்க்கிறேன்.