ரோஸ் கலர் ஆறு

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் எடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள், அவள் காதில் விழுந்தால் தொலைந்தோம். பல்செட் செய்கிற கூடத்தில் வேலை, அதனால் வந்த பெயர். சுற்று வட்டாரத்தில் பொக்கை வாய் மறைந்து சிரிக்கிற பெரியவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சிரிப்பு இவள் மெழுகில் செதுக்கியதுதான். கை அத்தனை மென்மை. வாய் மட்டும் அதற்கு நேர் எதிர்.

கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் இன்னொரு உத்தியோகம் காத்திருக்கும். மலை கட்டுவது. சிரிக்காதீர்கள், மலையேதான். அவளுடைய தம்பியும் அவன் சிநேகிதரான மருந்துக்கடைக்காரரும் ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையில் போர் நடத்துவார்கள். கட்டைவிரல் உயரத்துக்கு வீரர்கள், குதிரைகள், பீரங்கிகள். எவ்வளவு தூரம் நகரலாம் என்று அளக்க ஒரு டேப், சுட்டது பட்டதா இல்லையா என்று தீர்க்கப் பகடை. அந்தப் போருக்கு வேண்டிய குன்று, காடு, பாலம், இடிந்த வீடு எல்லாம் அக்கா கைவேலை. தெர்மகோலைச் சீவினால் மேடு. கூடத்தில் மிஞ்சிய பிளாஸ்டர் பாறை. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிய்த்துச் சாயம் ஏற்றினால் மரத்துக்கு இலை. ஆனால் அவள் ஒரு நாளும் விளையாடியதில்லை. "ஊரை நான் கட்டித் தரேன், நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுச் சாவுங்க" என்பாள்.

தம்பி பஸ் ஓட்டியவன். கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. தலைவலி மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் மருந்துக்கடைக்காரர், "கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுடா" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். யார் கேட்டது? கடைசியில் வெளிச்சம்கூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பார்த்தான். கையை நீட்டினான். மரம் சாய்ந்தது, மரம் விழுந்ததில் பாலம் சரிந்தது, பாலத்தில் நின்ற அவன் படையே குப்புற விழுந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "போதும்டா" என்றான் சிநேகிதரிடம். அதன் பிறகு கட்டிலே கதி. ஒரு நாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டு, "அந்த மேசையில இருக்கறதையெல்லாம் யாருக்காவது குடுத்துடு. இனிமே எனக்கு எதுக்கு?" என்றான்.

அந்த மேசை காலியானால் இவனும் கட்டிலோடு கட்டிலாகப் போய்விடுவான் என்று பல்லக்காவுக்குத் தோன்றிவிட்டது. அழவும் தெரியாமல் திட்டவும் ஆளில்லாமல், பாதியில் நின்ற குன்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். பெயிண்ட் ஸ்பிரேயை எடுத்துக் கோபம் தீர அடித்தாள்.

இங்கேதான் ஆனைக்கும் அடி சறுக்கியது. தெர்மகோலுக்கு முதலில் பசை தடவிக் காயவிட வேண்டும். அப்புறம்தான் ஸ்பிரே. நேராக அடித்தால் பெயிண்ட் தெர்மகோலைத் தின்றுவிடும். இதை மருந்துக்கடைக்காரருக்கு நூறு தடவை பாடம் எடுத்தவளே இவள்தான். இப்போது அவள் கண்ணெதிரே குன்று புஸ்ஸென்று உள்வாங்கி, குழி குழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"அய்யய்யோ!"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு தம்பி வந்து நின்றான். மூக்கை உறிஞ்சினான்.

"அக்கா, என்ன நாத்தம் இது? பசை தடவலையா?"

"வாயை மூடு."

"பல்லக்காவே பசை தடவலையா!" எத்தனை மாதம் கழித்துச் சிரித்தான் தெரியுமா? சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "குடு, எப்படிக் கெடுத்து வச்சிருக்கேன்னு பாக்கறேன்."

"காயட்டும் இரு."

காய்ந்ததும் கொடுத்தாள். அவன் விரல் குழிக்குள் போயிற்று, வெளியே வந்தது, அடுத்த குழியைத் தேடிற்று. சிரிப்பு நின்று முகம் வேறு மாதிரி ஆனது. "இந்தப் பள்ளத்துல ஒரு பீரங்கியை ஒளிக்கலாம். இது கிழக்குப் பக்கம் இருந்தா பாலத்தை அடிச்சுடலாமே."

பல்லக்கா தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் கண்ணுக்கே கட்டியிருக்கிறாள். பச்சையில் எத்தனை பச்சை, மண்ணில் எத்தனை மண்! தொட்டால் எல்லா மேடும் ஒரே வழுவழுப்பு. பாவம், அந்தக் கை எதை நம்பி நகரும்?

மறுநாளே மேசையைப் பிரித்தாள். சாலைக்கு உப்புத்தாள் ஒட்டினாள். காட்டுக்கு முரட்டு பிரஷ்ஷின் மயிரை நட்டாள். சாயாதபடி எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டர் கனம். டேப்புக்குப் பதில் முடிச்சுப் போட்ட கயிறு. தொட்டதும் அடையாளம் தெரிய, தம்பியின் வீரர்கள் நிற்கிற அடித்தட்டில் ஆளுக்கொரு பொய்ப்பல், காலாட்படைக்கு முன்பல், குதிரைக்குக் கடைவாய்ப்பல். எதிரிக்குப் பல் கிடையாது. ஆறு மட்டும் வழவழவென்று சில்லிட வேண்டும். கூடத்தில் கழித்துப்போட்ட, ஈறு செய்கிற அக்ரிலிக்கைக் கேட்டு வாங்கி வந்து ஊற்றித் தேய்த்துப் பளபளப்பாக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்தார். மேசையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அக்கா, ஆறு ரோஸ் கலர்ல இருக்கு!"

"இருந்தா என்ன? உங்களுக்கா கட்டினேன்?"

"ரோஸா?" தம்பி ஆற்றைத் தடவிப் பார்த்தான். "அப்ப என் குதிரையெல்லாம் ஈறுலயா இறங்கணும்?"

ஆட்டம் தொடங்கியது. தம்பியின் விரல்கள் மெல்ல மெல்ல மேசையெங்கும் நடந்தன. குழியில் பீரங்கி, காட்டில் காலாட்படை. பகடையை மருந்துக்கடைக்காரர் படித்துச் சொன்னார். தம்பிக்கு ஜெயம் மேல் ஜெயம். திடீரென்று அவன் கை நின்றது.

"ஏண்டா, மேட்டை ஏன் காலியா விட்டிருக்க?"

"மறந்துட்டேன்."

"நீயா? உடும்புப் பிடியா மேட்டைப் பிடிச்சுக்கறவன் நீ. பரிதாபப்படறியா? அதுக்கு நான் கட்டில்லயே கிடந்திருப்பேனே!"

மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் உன்னைக் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துட்டாவது போயிருக்கணும்டா."

"நான்தான் வரலை. அதுக்கு ஏன் மேட்டை விட்டுக் குடுக்கற? முதல்லேர்ந்து அடுக்கு."

இந்தத் தடவை அவர் மேட்டைப் பிடித்தார், பாலத்தை உடைத்தார், கடைவாய்ப்பல் குதிரைகளை ரோஸ் ஆற்றோடு அனுப்பி வைத்தார். தம்பி மண்ணைக் கவ்வினான். தோற்றவன் மேசையைத் தட்டிக் கத்தினான்.

"அடுத்த ஞாயிறு இருக்குடா உனக்கு! அக்கா, மேக்குப் பக்க மேட்டுலயும் எனக்கு அந்த மாதிரி பள்ளம் வேணும்."

அடுத்த ஞாயிறு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் பல்லக்கா எழுந்துவிட்டாள். "வேலை மேல வேலை வைக்கறான் பாரு" என்று திட்டிக்கொண்டே புதுத் தெர்மகோல் ஒன்றை எடுத்தாள். பசை டப்பாவை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, ஸ்பிரேயை மட்டும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.