வேலிக்குழை என்று சொன்னேன்

மழைக்கு நனைந்த மான் புழுக்கையின் மணம் இருக்கிறதே… சட்டையைத் தோய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது.

இன்றைக்கு என்னைப் பூங்கன்று வியாபாரி என்று தெரிந்த பலருக்கு, நான் முதலில் சம்பளத்துக்கு நின்றது ஒரு மிருகக்காட்சிச்சாலையில் என்பது தெரியாது. சண்டை முடிந்து சில வருடங்களில் எங்கள் பக்கம் ஒருவர் தனியாக நடத்திய சின்ன இடம். மயில், முயல், குரங்கு, ஏழு புள்ளிமான். மிருகங்கள் என் பொறுப்பில்லை. செடி, வேலி, நிழல்மரம்… அவ்வளவுதான்.

மான்களைப் பார்த்தவர் திரேசா அக்கா. குருநகர்க்காரி. வாய் சும்மா இராது.

"தம்பி, நீர் பூவுக்குத் தண்ணி ஊத்துறீர், நான் மானுக்கு ஊத்துறன். ஆனா என்ரை ஆக்கள்தான் நன்றிக்குத் திரும்பிப் பாக்கினம்" என்பார்.

அந்த ஏழில் ஒன்று சினை. அதற்கு மட்டும் ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தார்.

ஒருநாள் ஒரு மயில் எதையோ தின்று செத்துப்போனது. மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனி ஒரு உயிர் போச்சுதெண்டால், தீன் போட்ட ஆள் அண்டைக்கே வீட்டை போகலாம்."

அடுத்த கிழமை அடைமழை. புல்லுக் கொண்டுவரும் லாண்ட்மாஸ்டர் வண்டி வரவில்லை. நான் ஏணியில் நின்று நிழல்மரத்தின் கொப்புகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். திரேசா அக்கா கீழே வந்து நின்றார்.

"தம்பி, என்ரை பிள்ளையள் வெறுவயித்தோடை நிக்குதுகள். ஏதும் இருக்கோ?"

திரும்பியும் பார்க்காமல் சொன்னேன்.

"கேற்றடியிலை வேலிக்குழை வெட்டி வைச்சிருக்கிறன் அக்கா. எடுத்துப் போடுங்கோ."

எங்கள் சண்டிலிப்பாயில் வேலிக்குழை என்றால் கிளுவையும் பூவரசும். ஆட்டுக்குப் போடுவது. வேறு அர்த்தமே கிடையாது. குருநகர்க் கடற்கரையில் வளர்ந்த அவருக்கோ அது வேலியில் வெட்டிய ஏதோ ஓர் இலைக்கொப்பு, அவ்வளவுதான். வாசல் கேற்றடியில் கிடந்தது இரண்டு குவியல். ஒன்று கிளுவை. மற்றது, காலையில் முன்வேலியை மட்டம் பார்த்து வெட்டிய அலரி; அரளி என்றும் சொல்வார்கள். அலரி நஞ்சு என்று ஆடு வளர்க்கிற வீட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

அரை மணித்தியாலம் கழித்துக் கேற்றடிக்குப் போனேன்.

கிளுவைக் குவியல் அப்படியே கிடந்தது…

ஓடினேன்.

"அக்கா, எடுங்கோ! எல்லாத்தையும் எடுங்கோ!"

"என்ன தம்பி, பேய் துரத்தின மாதிரி?"

"நஞ்சக்கா அது!"

சீலையை இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். இருவருமாக அள்ளி வெளியே எறிந்தோம். மான்கள் வெருண்டு ஒரு மூலைக்குள் ஒடுங்கின. நான் வெட்டியது பதினொரு கொப்பு. சேற்றில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்தில் இலை குறையவில்லை. பதினோராவதின் நுனி மொட்டை.

"எதக்கா கடிச்சது?"

அவர் கையை மட்டும் நீட்டினார். ராசாத்தியின் உதட்டில் நீளமான இலைத்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்து மிருக வைத்தியர் மழைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தார். கரித்தூளைக் கரைத்துக் குழாயால் ஊற்றினார். ராசாத்தி கால் மடங்கிப் படுத்துவிட்டது.

"பொழுதுபட முன்னம் எழும்பி நிண்டால் தப்பும்" என்றார்.

மனேஜர் குடையோடு வந்தார். "ஆர் போட்டது?"

போடச் சொன்னது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வேலை போனால் வேறு வழியில்லை என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"நான்தான் போட்டனான் சேர்" என்றார் திரேசா அக்கா.

அது உண்மை. எடுத்துப் போடச் சொன்னது நான் என்பதும் உண்மை. அக்கா அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இருட்ட முன்னம் ராசாத்தி எழும்பி நின்றது. ஆடியது. விழவில்லை. அக்கா "மாதாவே" என்று அந்தச் சேற்றிலேயே முழங்காலில் இருந்தார்.

"உயிர் தப்பினபடியால் வீட்டை அனுப்பேல்லை" என்றார் மனேஜர். "ஆனா இனி நீங்கள் மான்பக்கம் போகவேண்டாம். முன்கேற்றைக் கூட்டுங்கோ."

குட்டி பிறந்த அன்றைக்கு அக்கா விளக்குமாறோடு முன்கேற்றில் நின்றார்.

"ஆணோ, பெண்ணோ தம்பி?"

"பெண்ணக்கா."

"நல்லது" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கூட்டினார்.

இப்போது என் கடையில் நாலு பேர் வேலை செய்கிறார்கள். எதையும் வெட்ட முன்னர் வாட்ஸ்அப்பில் படம் வரும், "இதுவோ அண்ணை?" என்று. செடியின் பெயரை முழுதாக எழுதி அனுப்புவேன். "அண்ணைக்கு விசர்" என்று பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த நாளில் என்னிடம் இருந்த போனில் படம் எடுக்க முடியாது. ஆனால் ஏணியில் இருந்து இறங்கிப் போய் விரலால் காட்டியிருக்கலாம்…

அந்த இடத்தை மூடி எத்தனையோ காலம். திரேசா அக்கா குருநகரில்தான் இருக்கிறாராம். அவருக்கு முகநூல் இல்லை.

இங்கே முகநூலில் எழுதுவது சுலபம், நண்பர்களே. என் கடையில் இருந்து குருநகருக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். இத்தனை வருடமாக அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால், நீங்கள் நம்பவா போகிறீர்கள்?